அரைப் பாட்டில் பன்னீர் சோடா

வியாகுலமேரியிடம் என்ன வேலை என்று யாராவது கேட்டால், ஆஸ்பத்திரியில் என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். மயக்க மருந்து டெக்னீஷியன் என்றால் கேட்டவருக்கு விளங்காது. விளக்கப் போனால் பஸ் வந்துவிடும். ஆவூரில் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரை நர்சு என்றே நினைத்திருந்தார்கள். திருக்கோகர்ணத்தில் வாடகைக்கு வந்த பிறகு அக்கம்பக்கத்தாரும் அப்படியே நினைத்தார்கள். ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். அவரும் போட்டுவிடுவார்.

உண்மையில் அவருடைய வேலை, மயங்கிக் கிடக்கிறவரின் மூச்சைக் காப்பது. மயக்கம் கொடுக்கும் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தொண்டைக்குள் இறக்கும் குழாய் சரியான அளவா, அதன் நுனியிலுள்ள பலூன் காற்றுப் பிடிக்கிறதா, ரத்தத்தையும் சளியையும் உறிஞ்சும் மெஷின் இழுக்கிறதா என்று காலையிலேயே பார்த்து வைக்க வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் திருச்சியில் இதற்கு ஒரு டிப்ளமோ படித்தார். பிறகு பத்தொன்பது வருடம் இதே வேலை. கணவர் அருள்தாஸ் கத்தாரில் டிரைவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். பிள்ளை இல்லை. மற்றவர்கள் கிளம்பும் நேரத்தில் வியாகுலமேரி மறுநாளைக்கான குழாய்களை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருப்பார். தன் கையில் ஒருவரும் மூச்சு முட்டிப் போனதில்லை என்று அவருக்குள் ஒரு பெருமை இருந்தது.

அவர் வேலை பார்த்தது புதுக்கோட்டையில் அறுபது படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வாய் வழியாக வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி அறை அங்கே உண்டு. அதற்கு டாக்டர் விக்ரம் செவ்வாயும் வெள்ளியும் திருச்சியிலிருந்து வருவார். இளவயதுக்காரர், நல்ல கைத்திறன். மயக்க மருந்து டாக்டர் சத்யா உள்ளூர்தான், ஆனால் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு அந்த அம்மா ஒருவரே. காரை எடுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பார். ரத்த வாந்தி எடுக்கிற நோயாளி என்றால் ஒரு விஷயத்தில் சத்யா கண்டிப்பு. முதலில் மூச்சுக்குழாயில் குழாய், பிறகுதான் கேமரா. வயிறு நிறைய ரத்தம் நிற்கும். மயக்கத்தில் அது மேலே ஏறி வரும். குழாய் இல்லாவிட்டால் நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

போன வருடம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, கறம்பக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் ஆம்னி வேன் வந்து நின்றது. அடைக்கலத்தை அதிலிருந்து தூக்கி இறக்கினார்கள். நாற்பத்தொன்பது வயது, கடலையும் நான்கைந்து பலா மரங்களும் வைத்துப் பிழைத்தவர். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். எந்தக் காலத்திலோ உடம்பில் ஏறிய காமாலைக் கிருமி ஈரலைச் சுருக்கிவிட்டிருந்தது. அதனால் உணவுக்குழாயின் ரத்த நாளங்கள் புடைத்து, அன்று விடியற்காலையில் ஒன்று வெடித்துவிட்டது. கூட வந்த மனைவி செங்கமலம் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார். யாரும் கேட்காமலே, “அவுக குடிக்க மாட்டாக. சத்தியமாக் குடிக்க மாட்டாக” என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னார். ஈரல் கெட்டது என்றாலே ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடைக்கலம் தெளிவாக இல்லை. “மோட்டார நிப்பாட்டு, தண்ணி வரப்பு தாண்டிப் போகுது” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாகுலமேரி படிவத்தை எடுத்தார்.

“காலையில என்ன சாப்பிட்டாருங்க?”

“ஒண்ணும் இல்ல சிஸ்டர். நெஞ்சு எரியுதுன்னாக. ஆலங்குடியில வண்டிய நிப்பாட்டி ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடுத்தேன். பாதிதான் குடிச்சாக.”

வியாகுலமேரி அப்படியே எழுதினார். காலை 9.40, பன்னீர் சோடா, அரைப் பாட்டில். கீழே கையெழுத்துப் போட்டார். யார் வந்தாலும் கேட்டு எழுதுவதுதான், அதில் புதிதாக ஒன்றுமில்லை.

பிறகு சத்யாவுக்குப் போன் செய்தார். சத்யா வேறொரு ஆஸ்பத்திரியில் சிசேரியன் ஒன்றில் நின்றிருந்தார். யாரோ போனை அவர் காதில் வைத்துப் பிடித்தார்கள்.

“ஆள் தெளிவா இருக்காரா?”

“இல்ல மேடம், ஒளர்றாரு.”

“அப்ப டியூப் இல்லாமத் தொடக் கூடாதுன்னு விக்ரம்கிட்ட சொல்லுங்க. இங்க கொழந்தைய எடுத்தாச்சு, தச்சு முடிக்கணும். அரை மணி நேரத்துல வாரேன்.”

வியாகுலமேரி போய்ச் சொன்னார். விக்ரம் மானிட்டரைப் பார்த்தார். ரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒரு பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அதைவிட வேகமாக வயிற்றுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

“அரை மணி நேரம் இவருக்கு இல்ல சிஸ்டர்.”

“டியூட்டி டாக்டர வரச்சொல்லி டியூப் மட்டும் போட்டுக்கலாமா சார்?”

“ரத்தம் கொட்டுற தொண்டையில அவர் போட்டிருக்காரா? தப்பாப் போனா யார் பொறுப்பு? லேசா மயக்கம் குடுங்க போதும். பத்து நிமிஷத்துல கட்டிட்டு வந்துருவேன். நீங்க சக்‌ஷனப் பிடிங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. காத்திருந்தாலும் அடைக்கலம் போயிருக்கலாம். வியாகுலமேரி பின்னாளில் இதை நூறு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஆனால் அந்த நிமிடத்தில் அவர் மனதுக்குத் தெரிந்தது ஒன்று, வாய் சொன்னது இன்னொன்று. வேண்டாம் சார் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். “சரிங்க சார்” என்றார். மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி நீட்டியதும் அவர் கைதான்.

அடைக்கலத்தை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். கேமரா உள்ளே போனது. திரை முழுக்கச் சிவப்பு. அதற்குள்ளும் விக்ரம் வெடித்த இடத்தைத் தேடிப் பிடித்து ரப்பர் வளையத்தால் கட்டினார். பக்கத்தில் புடைத்திருந்ததை இரண்டாவதாகக் கட்டினார். மூன்றாவதற்குப் போகும்போது அடைக்கலத்தின் வயிறு ஒரு தடவை தூக்கிப் போட்டது. கட்டி கட்டியாகக் கறுப்பு ரத்தம் வாய்க்கு வந்தது. வியாகுலமேரி உறிஞ்சினார். ஒரு கட்டி குழாயின் வாயில் சிக்கி அடைத்துக்கொண்டது. அதைப் பிடுங்கிப் போட்டு வேறு குழாய் மாட்டுவதற்கு எத்தனை விநாடி ஆகும்? ஏழு, எட்டு. மானிட்டரில் ஆக்சிஜன் தொண்ணூற்றேழிலிருந்து எண்பத்தெட்டு, எழுபது, ஐம்பத்திரண்டு என்று இறங்கியது. அடைக்கலத்தின் கை காற்றை உதறியது. உதடு நீலம் பூத்தது.

“ஸ்கோப்ப எடுங்க சார்!”

“ஒரு நிமிஷம், கடைசி பேண்டு...”

“எடுங்க சார்!”

மூன்றாவதையும் கட்டிவிட்டுத்தான் விக்ரம் ஸ்கோப்பை எடுத்தார். டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். முதல் தடவை குழாய் போகவில்லை. இரண்டாவது தடவை போனது. போன குழாயின் வழியாகவே ரத்தம் மேலே வந்தது. சத்யா வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று பத்து. ஒரு வார்த்தை பேசாமல் நுரையீரலை உறிஞ்சிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்.

கட்டிய கட்டு மூன்றும் கச்சிதம். அதற்குப் பிறகு அடைக்கலத்துக்கு ரத்தக்கசிவு இல்லவே இல்லை.

வெளியே வராந்தாவில் செங்கமலமும், மோட்டார் பைக்கில் பின்னாலேயே வந்திருந்த அடைக்கலத்தின் தம்பி பழனிச்சாமியும் நின்றார்கள். விக்ரம் போனார்; படிவத்தை வைத்துக்கொண்டு வியாகுலமேரி பின்னால் போனார். விக்ரம் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“ஏம்மா, வழியில குடிக்க எதாச்சும் குடுத்தீங்களா?”

“சோடாங்க... கொஞ்சம்தான்.”

“வாந்தி எடுக்கிறவருக்கு வாயில எதுவும் குடுக்கக் கூடாதும்மா. அது மேல வந்து நுரையீரல்ல போயிருச்சு. மெஷின்ல வச்சிருக்கோம், பாப்போம்.”

பழனிச்சாமி மதினியைத் திரும்பிப் பார்த்தார். செங்கமலம் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். சோடாவா நுரையீரலில் போனது? அரைப் பாட்டில் சோடா ரத்தத்தோடு ரத்தமாக எப்போதோ வேனிலேயே வெளியே வந்திருக்கும். உள்ளே போனது அடைக்கலத்தின் சொந்த ரத்தம். தடுக்க வேண்டியது குழாய். இதெல்லாம் தெரிந்த ஆள் அந்த வராந்தாவில் டாக்டருக்கு அடுத்து ஒருவர்தான் இருந்தார். வியாகுலமேரியின் முகத்தில் மாஸ்க் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடைக்கலம் ஆறு நாள் வென்டிலேட்டரில் கிடந்தார். கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்த மகன் சரவணக்குமார் மறுநாள் வந்தான். மூன்றாம் நாள், ஐசியு வாசலில், ஏழெட்டுப் பேர் முன்னால் தாயிடம் கத்தினான். “ஒனக்கு அறிவு இருக்கா? அப்பாவுக்கு எமனே நீதான். வாந்தி எடுக்கிற மனுசனுக்கு யாராச்சும் சோடா குடுப்பாங்களா?” செங்கமலம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஆக்சிஜன் டியூபைக் கையில் சுற்றிக்கொண்டு வியாகுலமேரி அவர்களைக் கடந்து உள்ளே போனார். புதன்கிழமை மத்தியானம் அடைக்கலம் இறந்தார்.

கத்தாரிலிருந்து அருள்தாஸ் வீடியோவில் பேசும்போது வியாகுலமேரி எல்லாவற்றையும் சொன்னார்.

“நீ என்ன டாக்டரா? அவுங்க சொன்னதச் செஞ்ச. விடு” என்றார் அருள்தாஸ்.

“அந்தப் பொம்பளையத்தான் கொலகாரியாக்கிட்டாங்க.”

“நீ சொன்னா மட்டும் போனவரு வந்துருவாரா? வேலை போயிரும். வாய வச்சுக்கிட்டு இரு.”

சத்யாவிடமும் ஒருநாள் பேச்செடுத்தார். சத்யா காரின் கதவைத் திறந்தார். “நான் சொல்ல வேண்டியதச் சொன்னேன், வியாகுலம். நான் அங்க இல்லையே” என்றார். அதுவும் உண்மைதான்.

ஆவூர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவார். பாதிரியார் கையிலிருந்து நன்மை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது, பாவத்தோடு வாங்கக் கூடாது என்று அவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். பஸ்ஸில் எதிரே இருப்பவர் தண்ணீர் குடித்தால் அந்தத் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்தார். சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு பாதியாகிப் போனது. சர்க்கரையா சிஸ்டர் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

புரட்டாசியில் ஏதோ ஒரு சர்டிபிகேட்டுக்காகச் செங்கமலம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வியாகுலமேரியை வராந்தாவில் பார்த்ததும் கிட்டே வந்தார்.

“சிஸ்டர், ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு சோடாவுல ஆளு செத்துருமா?”

மேனேஜர் இரண்டு அடி தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்கம்மா” என்றார் வியாகுலமேரி.

செங்கமலம் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். முதல் தடவை பேசாமல் இருந்ததைவிட இந்தத் தடவை சொன்ன வார்த்தைதான் தன்னை அரித்தது என்று வியாகுலமேரி சொல்வார். முதல் தடவை பயம். இரண்டாம் தடவை பழக்கம்.

ஐப்பசி அடைமழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகாமல் கறம்பக்குடி பஸ் ஏறினார். அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஊரை விசாரித்துப் போனார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வாசல், பக்கம் பக்கமாக இரண்டு வீடு. செங்கமலம் உள்ளே கூட்டிப் போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தவர், கொடுக்காமல் தயங்கி நின்றார்.

“எங் கையால இங்க யாரும் தண்ணி வாங்குறது இல்ல சிஸ்டர். கொழுந்தன் வீட்டுப் பிள்ளைகளும் வராது. நீங்க குடிப்பீங்களா?”

வியாகுலமேரி சொம்பை வாங்கி முழுவதும் குடித்தார். பிறகு சொன்னார். எதையும் மறைக்கவில்லை. குழாய் போட வேண்டும் என்று சத்யா சொன்னது, போடாமல் ஆரம்பித்தது, சக்‌ஷன் அடைத்துக்கொண்டது, மருந்தைத் தானே ஏற்றிக் கொடுத்தது, சோடாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் நின்றது.

செங்கமலம் தரையில் உட்கார்ந்து கேட்டார். அழவில்லை.

“அந்தக் கொழாயப் போட்டிருந்தா பொழைச்சிருப்பாகளா?”

“தெரியலம்மா. ஈரல் ரொம்பக் கெட்டுத்தான் இருந்துச்சு. அன்னைக்குப் பொழைச்சிருக்கலாம். ஆனா சோடாவால இல்ல. அது மட்டும் நிச்சயம்.”

“அத அன்னைக்கு ஒரு வாட்டி சொல்லிருந்தாப் போதுமே சிஸ்டர்.”

பேச்சுச் சத்தம் கேட்டுப் பழனிச்சாமி வந்தார். அவருக்கும் ஒரு தடவை எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். ஆஸ்பத்திரித் தாள்களோடு வாங்கிப் படமெடுத்து வைத்திருந்த, அன்றைக்கு எழுதிய படிவம்.

“இது ஒங்க கையெழுத்துங்களா?”

“ஆமாங்க.”

“சோடான்னு எழுதுனது நீங்களா?”

“கேட்டத எழுதுனேன். ஆனா அதுனால...”

“டாக்டர் சொல்லும்போது பக்கத்துல நின்னீங்களே. அப்ப ஏன் இதச் சொல்லல?”

வியாகுலமேரி காலிச் சொம்பைத் தரையில் வைத்தார்.

“மூணு மாசம் கழிச்சு வந்து சொல்றீங்க. மதினி போன மாசம் ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு, நீங்க ரெண்டு பேரும் நின்னு பேசுனதப் பாத்தவங்க சொன்னாங்க. அதுக்குப் பெறகு இந்தக் கத.” மதினியைப் பார்த்தார். “அண்ணன்தான் போயிட்டாரு. இன்னும் எதுக்கு ஆள் புடிச்சிக் கூட்டியாற?”

செங்கமலம் நிமிர்ந்து பார்க்கவில்லை. “நீங்க கெளம்புங்க சிஸ்டர். மழை விட்ருக்கு” என்றார்.

உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் மேல் விழுந்த பழி போய்விடும் என்று நம்பித்தான் வியாகுலமேரி போனார். பழி இரண்டாகிவிட்டது. புருஷனைக் கொன்றவள் என்பதோடு, ஆள் வைத்துப் பொய் சொல்ல வைத்தவள் என்றும் சேர்ந்தது.

திரும்பி வந்த அடுத்த வாரம், நடந்ததை நான்கு பக்கம் எழுதிச் சுகாதார அதிகாரிகளுக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரி மேனேஜர் கூப்பிட்டு, “நீங்களும்தானே உள்ள இருந்தீங்க? கேஸ்னு வந்தா மொதல்ல ஒங்க பேருதான் இருக்கும்” என்றார். இருக்கட்டும் சார் என்றார் வியாகுலமேரி. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

விசாரணைக்கு மூன்று டாக்டர்கள் வந்தார்கள். விக்ரம் எதையும் மறுக்கவில்லை. உயிர் போகும் அவசரம், மயக்க மருந்து டாக்டர் இல்லை, முடிவெடுத்தேன் என்றார். குழாய் வேண்டாம் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை; வேண்டும் என்று சத்யா போனில் சொன்னதும் எந்தத் தாளிலும் இல்லை. தாளில் இருந்தது சோடா மட்டும். மாசி மாதம் முடிவு வந்தது. அந்தச் சூழ்நிலையில் டாக்டரின் முடிவு ஏற்கத்தக்கது. நோயாளி சிகிச்சைக்கு முன் திரவம் அருந்தியிருந்தார். ஒரு பிரதி அடைக்கலத்தின் குடும்பத்துக்கும் போனது.

வேறு ஆஸ்பத்திரிகளில் கேட்டார். நல்ல கைதான், ஆனால் எழுதிப் போடுகிற ஆள் என்று பேர் வந்துவிட்டது. கடைசியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பேரும் வயதும் கேட்டு டோக்கன் எழுதிக் கொடுக்கிற வேலை கிடைத்தது. பழைய ஆஸ்பத்திரியில் அவர் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். செவ்வாயும் வெள்ளியும் எண்டோஸ்கோப்பி நடக்கிறது. சத்யா இன்னும் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் ஓடுகிறார்.

பங்குனியில் ஒருநாள் காலை, டோக்கன் மேசையில் இருக்கும்போது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“நான் அடைக்கலம் மகன் பேசுறேங்க. சரவணக்குமார்.”

“சொல்லுங்க தம்பி.”

“அந்த லெட்டர் வந்துச்சு. அதுலயும் சோடான்னுதான் போட்டிருக்கு. நீங்க வேற மாதிரி எழுதிக் குடுத்ததாச் சித்தப்பா சொன்னாரு. எதுங்க நெசம்?”

வியாகுலமேரி ஆரம்பத்திலிருந்து சொன்னார். அந்தப் பக்கம் லேத் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முடிந்ததும் கேட்டான்.

“மூச்சு முட்டுனது எங்கப்பாவுக்குத் தெரிஞ்சுதாங்க?”

“மயக்கத்துல இருந்தாரு தம்பி, வலி ஒண்ணும்...” வியாகுலமேரி நிறுத்திக்கொண்டார். “கைய ஒதறுனாரு. எவ்வளவு தெரிஞ்சுதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

அந்தப் பக்கம் அவன் மெஷினை நிறுத்தினான்.

“ஆத்தாகிட்ட நான் எட்டு மாசமாப் பேசலங்க.”

“இப்பப் பேசுங்க தம்பி. இன்னைக்கே பேசுங்க.”

“என்னன்னு பேசுறது?”

அதற்கு என்ன சொல்வது என்று வியாகுலமேரி யோசித்தார். மேசைக்கு எதிரே ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் காத்திருந்தான். பிறகு போனை வைத்துவிட்டான்.

அவன் பேசினானா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. திரும்ப அந்த நம்பருக்குப் போட்டுக் கேட்கவில்லை. அந்த ஊருக்குப் போய்ச் செங்கமலத்தின் முன்னால் நிற்கவும் துணிவில்லை. அன்று வரிசையில் முதலில் நின்ற பெரியவரிடம் பேரைக் கேட்டார். அவர் சொன்னது காதில் விழவில்லை. மறுபடி கேட்டு எழுதினார்.